பனிக்காலத்துப் பொன்

ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 முதல் 15 சென்டிமீட்டர் வரை மட்டுமே வளரும் குட்டை ஊசியிலை மரங்களுள், ஆல்ப்ஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட முகோ பைனின் 'விண்டர் கோல்டு' ரகம் தனிப்பேரழகு உடையது. கோடையில் பச்சையாக நிற்கும் இது, குளிர் முற்றியதும் ஒளிச்சேர்க்கைக்கு உதவும் பச்சையம் குறைந்து, ஊசிகளில் முன்பே உள்ள மஞ்சள் நிறமிகளாகிய கரோட்டினாய்டுகள் மேலோங்குவதால், பிற மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளைகளாக நிற்கும் வேளையில் பொன்னிறம் பூணுகிறது. வீட்டுத் தோட்டத்திற்கு இத்தகைய மரம் ஒன்றே போதும். பலவற்றை நெருக்கி நட்டால் அந்த ஒளி தன் அருமையை இழந்துவிடும். நிழலில் நிறம் மங்குமாதலால் நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் இதற்கு வேண்டும். அளவை அடக்க விரும்புவோர் இளவேனிலில் மெழுகுவத்திபோல் நிமிரும் தளிர்களை, ஊசிகள் விரியுமுன் பாதியாகக் கிள்ளிவிடலாம். ஊசிகளற்ற பழைய கிளையில் வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பதில்லை.