பொது நிலமும் ஹார்டினின் தீர்ப்பும்

1968ஆம் ஆண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் காரெட் ஹார்டின் எழுதிய 'பொது நிலத்தின் அவலம்' என்னும் கட்டுரை, மறுக்கவொண்ணாச் சட்டமெனப் பலரால் கொள்ளப்பட்டது. மேய்ச்சல் வெளி அனைவருக்கும் பொதுவாயின், ஒவ்வொரு மேய்ப்பனும் தன் ஆதாயம் கருதி மேலும் ஒரு மாட்டைச் சேர்ப்பான்; முடிவில் புல்வெளியே அழியும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் குறை யாது? ஹார்டினின் மேய்ப்பர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை, கூடி முடிவெடுப்பதுமில்லை. 1833இல் வில்லியம் லாயிட் வெளியிட்ட உரையினின்று எடுத்த கற்பனைக் காட்சியே அது.

ஜப்பானியச் சிற்றூர்களின் 'இரியாய்' முறைமை வேறொன்றைக் காட்டுகிறது. ஃபூஜி மலையருகிலுள்ள ஹிரானோ, நாகாய்க்கே முதலிய ஊர்களை மார்கரெட் மக்கீன் ஆராய்ந்தார். அங்கே காட்டுரிமை தனியாளுக்கன்று, குடும்பத்துக்கே உரியது. ஆகவே பிள்ளைகள் பெருகினும் பங்கு பெருகாது. மலை திறக்கும் நாளை ஊர் குறித்தது. காவலர் சுற்றி வந்தனர். மீறியோர் தண்டம் இறுத்தனர். 1868க்குப் பின் இத்தகைய நிலங்கள் பலவற்றை மெய்ஜி அரசு தன்னுடைமையாக்கிற்று. அந்நிலங்களை ஊரார் இழந்தது அவர்தம் பேராசையாலன்று.

எனினும் இம்முறைமையைப் பொற்காலமெனப் போற்றுதல் தகாது. கிளைக் குடும்பத்தாரும் புதிதாய்க் குடியேறினோரும் பல ஊர்களில் உரிமை பெற்றிலர். பொதுமை எனில் யாருடைய பொதுமை என்னும் வினாவினின்று எவ்வூரும் தப்ப இயலாது.

1994இல் ஹார்டினே, தம் கூற்று மேலாண்மையற்ற பொது நிலத்துக்குரியது எனத் திருத்தினார். ஆயினும் முதற்கூற்றே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அதனை ஆதாரமாகக் காட்டி ஓர் ஊரின் பொது நிலத்தைக் கேட்போரிடம், அவ்வூரார் தமக்கென வகுத்த ஒழுங்கு யாதென ஆராய்ந்தீரோ என முதற்கண் வினவுதல் நம் கடன்.