வலி போகும் வேகம்

மூட்டுவலிக்கு ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்தும் பெயர் தெரியாத மூலிகை மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுவது மலேசியாவின் பேராக் மாநிலப் பழைய ரப்பர் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய முழங்கால்கள் அவை. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. வலி மட்டும் போகவில்லை. இத்தகைய மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதாக மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவரை விவரம் தெரியாதவர் என்று தள்ளிவிட முடியாது. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறது.

எப்படி என்பதில்தான் அதன் பலமும் பழுதும் இருக்கின்றன. கிருமியோ காயமோ வந்தால், என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். கையோடு, தன்னையே அடக்கும் ஐ-கப்பா-பி, ஏ20 ஆகிய புரதங்களையும் உருவாக்க வைக்கும். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நிற்பதுபோல, அழற்சியும் தேவையான ஆழத்தோடு நிற்கிறது. இதற்கு மேல், அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் உடல் முழுவதும் காவல் இருக்கிறது. டெக்சாமெத்தாசோன் அதே வேலையைச் சுமார் 25 மடங்கு வலிமையோடு செய்கிறது.

உரிய இடத்தில் அது உயிர் காக்கும். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரிக்கவரி என்ற கோவிட் ஆய்வில், தினம் 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை.

யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்ற இந்தக் கணக்கு மறைத்துக் கலந்த மாத்திரையில் கிடையாது. செல் அந்தந்த இடத்தில், வேண்டிய நேரத்துக்கு மட்டும் அழற்சியை அடக்குகிறது. மாத்திரை உடலெங்கும் அடக்குகிறது. சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும், உறங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்கலாம். வெளியிலிருந்து வரத்து இருப்பதால் அட்ரினலை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் உத்தரவைக் குறைத்துக்கொள்ளும், அட்ரினல் சுருங்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம்.

ஆகவே 'வாங்காதீர்கள்' என்ற எச்சரிக்கை பாதி வேலைதான். ஏற்கெனவே சாப்பிடுகிறவரைத் திட்டினால் பாக்கெட்டை ஒளித்துவைப்பார். அதையும் எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்கு வரச் சொன்னால், டாக்டர் படிப்படியாக விடுவிக்க முடியும். வீட்டிலுள்ளவர்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "எத்தனை நாளில் வலி போச்சு?" மூலிகை என்று விற்றது இருபது வருட வலியை இரண்டே நாளில் போக்கினால், அந்த வேகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.