இறையியல் மாணவரின் ஆய்வேடும் தமிழ் உரைமரபும்: ஒரு திறனாய்வு

முன்னுரை

உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தோற்றத்திற்கு முதன்மையாக உழைத்த சேவியர் தனிநாயகம் அடிகளார், உரோமையில் இறையியல் மாணவராக இருந்தபோது எழுதிய முனைவர்பட்ட ஆய்வேடு தமிழைப் பற்றியதன்று. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கார்த்தேசில் ஆயராக விளங்கிய சிப்பிரியானின் காலத்துக் குருகுலத்தாரைப் பற்றியது அது. மடல்களைக் காலவரிசைப்படுத்துதல், ஒரு பதவிப்பெயர் எந்த இடத்தில் எப்பொருளில் ஆளப்பட்டது எனப் பிரித்தறிதல், பிற்கால வழக்கத்தை முற்காலத்தின்மேல் ஏற்றாதிருத்தல் என்பன அத்தகைய ஆய்வு வேண்டும் ஒழுக்கங்கள். பின்னர் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியத்தைப் பயின்றபோதும், ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சுநூல்களைத் தேடியபோதும் இவ்வொழுக்கங்களே துணைநின்றன எனலாம். இறையியற் கல்லூரியின் ஆய்வுப்பயிற்சி தமிழியலுக்கு அளித்த கொடைக்கு இது ஒரு சான்று.

தமிழியல் அப்பயிற்சிக்குத் திருப்பி அளித்தது யாது என்னும் வினா இன்னும் உரிய அளவில் எழுப்பப்படவில்லை. 1969இல் மதுரை அரசரடியில் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும், 1963இல் இலங்கையின் பிலிமத்தலாவையில் தோன்றிய இறையியற் கல்லூரியிலும் மாணவர் தமிழில் கற்கின்றனர். தமிழில் ஆய்வேடும் எழுதுகின்றனர். எனினும் அவர்களுக்குக் கற்பிக்கப்படும் ஆய்வுமுறை செருமானிய, ஆங்கில நூல்களின் வழியே வந்ததாகும். தமிழ் அம்முறையைச் சுமக்கும் கலமாக மட்டும் கருதப்படுகிறது. ஆய்வைக் குறித்துத் தமிழுக்கே உரிய சிந்தனை உண்டு என்பதும், இறையியல் மாணவர் இடறும் இடங்களில் அது கைகொடுக்க வல்லது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. அருளுரையும் ஆய்வுரையும்

இறையியல் மாணவர் கல்லூரிக்குள் நுழையும்போதே ஓர் உரைவடிவில் தேர்ச்சி பெற்றவராக இருக்கிறார். அது அருளுரை. வசனம் ஒன்றை எடுத்து, மூன்று தலைப்புகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒத்த வசனங்களை அடுக்கி, கேட்போர் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிப்பது அதன் அமைப்பு. அருளுரை உறுதிப்பட்ட உண்மையில் தொடங்கிக் கேட்போரை நோக்கிச் செல்வது. ஆய்வுரை உறுதிப்படாத ஒன்றில் தொடங்கிச் சான்றை நோக்கிச் செல்வது. இவ்விரண்டின் திசை வேறுபாடு உணரப்படாதபோது, அடிக்குறிப்புச் சேர்த்த அருளுரையே ஆய்வேடு என்னும் பெயர் பெறுகிறது. ‘வேண்டும்’ என முடியும் தொடர்கள் பெருகுவதும், வசன அடுக்கே சான்றாக நிற்பதும், எதிர்ச்சான்று ஒன்றேனும் இடம்பெறாமையும் அதன் அடையாளங்களாம்.

இதற்கு மருந்து தலைப்பை வினாவாக்குதலே. எடுத்துக்காட்டாக, ‘திருப்பாடல்களில் இறையன்பு’ என்பது தலைப்பு மட்டுமே. அதில் வினா இல்லை. 136ஆம் திருப்பாடலின் 26 வசனங்களிலும் ‘ஹெசெத்’ என்னும் எபிரேயச் சொல் பல்லவிபோல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஹென்றி பவர் குழுவினரின் 19ஆம் நூற்றாண்டுத் திருப்புதல் அதனைக் ‘கிருபை’ என்றது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பேரன்பு’ என்கிறது. இம்மாற்றத்தால் அச்சொல்லின் எப்பொருட்கூறு காக்கப்பட்டது, எது நழுவியது என்று வினவும்போது ஆய்வு தொடங்குகிறது. அவ்வினாவுக்கு விடை காண மாணவர் எபிரேயத்தையும் அறிய வேண்டும். தமிழையும் அறிய வேண்டும். ‘கிருபை’ வடமொழியில் இரக்கத்தைச் சுட்டுவது. எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பும் இலத்தீன் வுல்காத்தாவும் கொண்ட பொருளுக்கு அது நெருக்கமானது. ‘பேரன்பு’ உறவின் ஆழத்தைத் தருகிறது; ஆயின் உடன்படிக்கைக்கு உட்பட்டோரிடையே அமையும் பற்றுறுதியை அது எவ்வளவு தருகிறது என்பது ஆராயத்தக்கது. இவ்வாறு நோக்குகையில் தமிழ்ப் பெயர்ப்பு வெறும் எடுத்தாள்கைக்குரிய பாடமாக நில்லாது, விளக்க வரலாற்றின் சான்றாகவே மாறுகிறது.

2. வேர்ச்சொல் மயக்கம்

சொல்லாய்வு இறையியல் மாணவர் மிகுதியும் விரும்பும் பகுதி. மிகுதியும் பிழைபடும் பகுதியும் அதுவே. சொல்லின் வேரைக் கண்டுவிட்டால் பொருளைக் கண்டதாகும் என்னும் நம்பிக்கை இதற்குக் காரணம். கிட்டல் என்பார் தொடங்கிய புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதியின் கட்டுரைகளில் இப்போக்கு மிகுந்திருந்ததை, 1961இல் வெளிவந்த விவிலிய மொழியின் பொருண்மையியல் பற்றிய நூலில் சேம்சு பார் கடுமையாக மறுத்தார். இறையியற் பொருளைச் சுமப்பது தொடரும் அதனினும் பெரிய உரைப்பகுதியுமே எனவும், ஒரு சொல் பல இடங்களில் பெறும் பொருள்களையெல்லாம் திரட்டி ஒவ்வோரிடத்திலும் ஏற்றுதல் பிழை எனவும் அவர் காட்டினார்.

தமிழ் மாணவரிடம் இம்மயக்கம் இரட்டிப்பாகிறது. எபிரேய, கிரேக்க வேர்களுடன் தமிழ்ச் சொற்பிரிப்பும் சேர்ந்துகொள்கிறது. ‘கடவுள்’ என்பதைக் கடந்தும் உள்ளும் இருப்பவர் எனப் பிரித்து, அதனையே இறைமையின் அப்பாலான தன்மைக்கும் உள்ளுறைவுக்கும் சான்றாகக் காட்டுதல் மேடையில் பெருவழக்கு. ஆயின் சங்கப் பாடல்களில் அச்சொல் மலையிலும் மரத்திலும் கந்திலும் உறையும் தெய்வத்தைச் சுட்டி வருகிறது. அங்கெல்லாம் இவ்விரட்டைப் பொருள் பொருந்துமா என்று கேட்ட அளவிலேயே சொற்பிரிப்பின் வலிமை தெரிந்துவிடும். அது அழகிய உவமையாகலாம், சான்றாகாது.

பார் கூறியதற்கு நெருங்கிய ஒன்றைத் தொல்காப்பிய உரியியலில் காண்கிறோம். ஒரு சொல் அப்பொருளைத் தருவதற்கான காரணம் பார்த்த மாத்திரத்தில் புலப்படாது என்றும், உரிச்சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் வருவனவற்றை நாடியே உணர்தல் வேண்டும் என்றும் அங்கே சொல்லப்படுகிறது. இருவர் நோக்கமும் ஒன்றன்று. பாரின் கவலை இறையியலாரின் தவறான முடிவுகளைப் பற்றியது. தொல்காப்பியரின் கவலை இலக்கணத்தைப் பற்றியது. எனினும் இடமே பொருளை வரையறுக்கும் என்னும் நெறியில் இருவரும் சந்திக்கின்றனர். இதனைத் தமிழ் மாணவர் முதலில் உரியியலில் கற்றுப் பின்னர்ப் பாரிடம் செல்வாராயின், அது அயலிலிருந்து வந்த தடையுத்தரவாகத் தோன்றாது.

3. முன்னாய்வும் எழுவகை மதமும்

ஆய்வேடுகளில் மிக நலிந்து காணப்படுவது முன்னாய்வு பற்றிய இயல். இன்னார் இவ்வாறு கூறுகிறார், மற்றொருவர் இவ்வாறு கூறுகிறார் என்னும் பட்டியலாக அது அமைந்துவிடுகிறது. எழுதுபவர் அவர்களிடையே எங்கே நிற்கிறார் என்பது தெரிவதில்லை. இது அறிவுக்குறையால் மட்டும் நேர்வதன்று. ஆசிரியரையும் அச்சிட்ட நூலையும் மறுத்தல் பணிவின்மை என்னும் எண்ணமும் இதில் உண்டு. சபையில் மூப்பரை மறுத்துப் பேசாத பழக்கம் நூலகத்திலும் தொடர்கிறது.

நன்னூல் கூறும் எழுவகை மதங்களை இங்கே நினைத்தல் தகும். பிறர் கொள்கைக்கு உடன்படுதலும், அதனை மறுத்தலும், முதலில் ஏற்று நடந்து பின்னர் விலக்குதலும், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதலும், பிறர் நூலின் குற்றம் காட்டுதலும், பிறர் கருத்தோடு சாராது தன் கொள்கையே கொள்ளுதலும் நூலாசிரியர்க்கு உரியனவாக அங்கே வகுக்கப்பட்டுள்ளன. மறுத்தல் என்பது உடன்படுதலுக்கு அடுத்து இயல்பாகவே எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. அது ஒழுக்கக்கேடாகாமல் நூலுக்குரிய இலக்கணமாகவே நிற்கிறது.

ஹெசெத் பற்றிய ஆய்வையே மீண்டும் நோக்கலாம். நெல்சன் குளூக் 1927இல் வெளியிட்ட செருமானிய ஆய்வில், உறவினால் விளையும் கடப்பாட்டை அச்சொல்லின் உட்கருவாகக் கொண்டார். கேத்தரின் சாக்கன்ஃபெல்டு 1978இல், உதவும் வலிமையுடையவர் கட்டாயமின்றியே உதவுதலை வலியுறுத்தினார். இவ்விருவரையும் இரண்டு பத்திகளில் சுருக்கித் தருவது பட்டியல். 136ஆம் திருப்பாடலில் படைப்பைப் பாடும் பகுதியில் உடன்படிக்கைத் தரப்பினர் எவரும் இல்லை. விடுதலையைப் பாடும் பகுதியில் இசுரயேல் இருக்கிறது. ஆகவே ஒரே பல்லவி இரு பகுதிகளிலும் ஒரே பொருளில் நிற்கிறதா என வினவி, இருவர் மாறுபாட்டில் ஒருபக்கம் துணிவதே ஆய்வு.

சிவஞான சித்தியாரின் பரபக்கமும் இவ்வகையில் கற்கத்தக்கது. பதினான்கு கொள்கையினரின் நிலைப்பாடுகளை எடுத்துரைத்த பின்னரே மறுப்புத் தொடங்கும் அமைப்பு அதில் உள்ளது. எதிர்ப்பக்கத்தை முழுமையாகச் சொல்லாமல் மறுத்தல் கூடாது என்னும் நேர்மையை அது பயிற்றும். ஆயினும் அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பரபக்கத்தில் முடிவு தொடக்கத்திலேயே உறுதியாகிவிட்டது. ஆய்வேடு தன் கருதுகோள் தோற்கவும் இடம்கொடுக்க வேண்டும். ஆகவே மரபை அப்படியே பெயர்த்து நடுதல் போதாது. அதனையும் எழுவகை மதத்திற்கு உட்படுத்தியே ஏற்றல் வேண்டும்.

4. சான்றும் அதனை ஏற்போரும்

1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, 1708இல் தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு விளக்கப்பட்டியல் ஒன்றை அமைத்தார். தமிழர்க்கு மடல் எழுதி, அவர்தம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றி வினவி, வந்த விடைகளைச் செருமானியத்தில் பெயர்த்து அனுப்பினார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய பெருநூலை முடித்தார். நூற்பட்டியல், நேர்வினவல், தொகுப்பு என ஆய்வின் படிகள் மூன்றும் இங்கே உள்ளன. மடல்களின் பெயர்ப்புகள் ஆல்லெயில் அச்சேறின. பெருநூலோ அங்குள்ளோர்க்கு உவப்பாயிருக்கவில்லை. 1867இல் செருமானின் முயற்சியால் சென்னையில் அச்சேறும்வரை அது காத்திருந்தது. சான்றுகளைத் திரட்டியவரின் கண்ணும், அவற்றை ஏற்கும் நிறுவனத்தின் கண்ணும் வேறுபடும்போது நூல் ஒன்றரை நூற்றாண்டு உறங்கக்கூடும். தன் ஆய்வேட்டை மதிப்பிடுவோர் தன்னைப் பணிக்கு அமர்த்துவோரும் ஆகலாம் என்னும் நிலையில் எழுதும் இன்றைய மாணவர்க்கு இவ்வரலாறு பழங்கதையன்று.

மற்றொரு திசையிலும் இது பொருந்தும். வட்டுக்கோட்டைக் குருமடம் 1823 முதல் 1855 வரை இயங்கியது. அங்குப் பணியாற்றிய ஹொய்சிங்டன் 1854இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1912இல் சோமரசு சைவசித்தாந்தம் பற்றிச் செருமானியத்தில் பெருநூல் எழுதினார். அயல்நாட்டிலிருந்து வந்த இறையியலாளர் தமிழ்ச் சமயநூலை மூலச்சான்றாகக் கொண்டு உழைத்திருக்க, தமிழில் எழுதும் மாணவர் சைவ, வைணவக் கருத்துகளை ஆங்கில வழி நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுதல் பொருந்தாது. தமிழ் மூலத்தைத் தமிழர் ஆங்கிலத்தின் வழியே படித்து, மீண்டும் தமிழாக்கும் இச்சுற்றுவழியில் கலைச்சொற்கள் திரிபடைகின்றன. அருள், பாசம், பதி முதலியவை மூலத்தில் பெற்றிருந்த கூர்மையை இழந்து பொதுச்சொற்களாகின்றன.

மேற்கோள் நெறியிலும் இத்தகைய இடர் உண்டு. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் மேலைமுறை, தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கும் தமிழ்ப் பெயருக்குப் பொருந்துவதில்லை. ஒருவரே பெஸ்கி, தைரியநாதர், வீரமாமுனிவர் என மூன்று பெயர்களில் நூலகப் பட்டியல்களில் இடம்பெறுகிறார். இவற்றை அறியாத மாணவர்க்கு நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததே.

5. புலம்பெயர் சூழல்

தமிழ்க் கிறித்தவ அச்சுவரலாற்றின் அரிய படிகள் பல தமிழகத்திற்கு வெளியே உள்ளன. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தின் படி ஆர்வர்டில் உள்ளது. 1679இல் அச்சான புரோயன்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தவர் தனிநாயகம் அடிகளார். ஆல்லெயின் பிராங்கே நிறுவன ஆவணங்கள் தரங்கம்பாடி வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இறையியல் பயிலும் தமிழ் இளைஞர்க்கு இவை அணுகத்தக்க தொலைவில் உள்ளன. ஆயின் அவர்களுள் பலர்க்குப் பழைய தமிழ் எழுத்துமுறையும் உரைநடையும் எட்டாதவை. அவற்றைப் படிக்க வல்ல மதுரை, யாழ்ப்பாண மாணவர்க்கோ ஆவணங்கள் எட்டாதவை. ஒருவரிடம் கண் இருக்கிறது. மற்றொருவரிடம் ஏடு இருக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, இறையியற் கல்லூரிகளின் ஆய்வுமுறைப் பாடத்தில் உரியியலும், நன்னூற் பாயிரத்தின் மதம், உத்தி, உரைவகைப் பகுதிகளும் இடம்பெறல் வேண்டும். நன்னூல் எண்ணும் பதினான்கு உரைக்கூறுகளைக் கொண்டு ஒரு விவிலியப் பகுதிக்கு உரை எழுதுதல் முதலாண்டு மாணவர்க்குத் தக்க பயிற்சியாகும்; பாடம், சொற்பொருள், வினா, விடை, துணிவு என அது செல்லும் வரிசை இன்றைய விளக்கவியலின் படிகளோடு பெரிதும் ஒத்துள்ளது. இரண்டாவது, தமிழ் விவிலியப் பெயர்ப்புகளை ஒப்பிடுதல் ஒவ்வொரு விளக்கவியற் கட்டுரையிலும் கட்டாயமாதல் வேண்டும். மூன்றாவது, புலம்பெயர் நாட்டு மாணவர் ஒருவரும் தாயக மாணவர் ஒருவரும் ஓர் ஆவணத்தை இணைந்து பதிப்பித்தலைப் பட்ட ஆய்வாக ஏற்கும் நெறி வகுக்கப்படல் வேண்டும்.

இவை நிகழாவிடின் நேர்வது ஒரு பாடத்தின் நலிவு மட்டுமன்று. பாடுவதும் மன்றாடுவதும் தமிழிலும், ஆராய்வதும் ஐயுறுவதும் பிறமொழியிலும் என்னும் பிளவு நிலைபெறும். ஐயுற்று ஆராய இடமில்லாத மொழி வழிபாட்டிலும் நெடுங்காலம் உயிர்ப்புடன் நில்லாது. தமிழில் எழுதப்படும் ஒவ்வோர் இறையியல் ஆய்வேடும், அதன் முடிவு எதுவாயினும், அப்பிளவை ஓரளவு குறைக்கும் முயற்சியே. அதனைப் படித்து மறுக்கவும் உடன்படவும் முன்வருதல் தமிழியலாரின் கடன்.