கண்ணாடி போதாது, கீபோர்டு வேண்டும்

டிசைன் டூல்களை ஒப்பிடுகிறவர்கள் ஆட்டோ லேஅவுட், காம்போனென்ட், வேரியபிள், பிளக்-இன் என்று ஒரே பட்டியலைத்தான் ஒப்பிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஃபிக்மா ஜெயிக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் கம்ப்யூட்டரில் இருக்கும் பாதியை ஒதுக்கிவிட்டு, ஃபோனில் இருக்கும் பாதியை மட்டும் சில வாரங்களாகப் புழங்கிப் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஃபிக்மாவின் மொபைல் ஆப், இன்னொரு பக்கம் ப்ரோட்டோபையின் பிளேயர் ஆப். இரண்டிலும் ஓடுவது ஒரே டிசைன்: மளிகைக் கடைக்காரர்கள் மொத்த வியாபாரியிடம் தமிழில் ஆர்டர் போடும் ஆப்.

ஃபோனில் பார்த்தே ஆக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். 390 அகலமுள்ள ஐஃபோன் ஃபிரேமை நூறு சதவீத அளவில் திறந்தால், மேசையில் அதன் அகலம் நாலேகால் அங்குலம். ஐஃபோன் 14-இன் திரையோ இரண்டரை அங்குலம்தான். அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாகப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க வேலை செய்கிறோம். தொடும் இடம் 44 பாயின்டுக்குக் குறையக் கூடாது என்கிறது ஆப்பிள்; ஆண்ட்ராய்டுக்கு 48 டிபி என்கிறது கூகுள். இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட, கட்டைவிரலை வைத்துப் பார்க்கும்வரை அதன் பொருளை உணர்வதில்லை.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. வரி இடைவெளியை ஆங்கிலப் பழக்கத்தில் இறுக்கி வைத்தால், மேல் வரி ‘ழு’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் சுழியும் மோதிக்கொள்ளும். மானிட்டரில் ஏதோ நெருக்கமாகத் தெரியும். ஃபோனில் பார்த்தால் எழுத்தே புரியாது.

இந்த வேலைக்கு ஃபிக்மாவின் மிரர் வசதி அருமை. ஒரே அக்கவுன்டில் இரண்டு பக்கமும் லாகின் செய்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால் அது ஃபோனில் வந்து நிற்கிறது. வரி இடைவெளியைக் கூட்டினால் கையிலிருக்கும் திரையிலும் உடனே கூடுகிறது. பொது வெளியீட்டுக்கு வந்த 2016-இலிருந்தே பிரவுசரில் ஓடும் டூல் என்பதால் விண்டோஸ்காரர்களையும் சேர்த்துக்கொண்டது ஃபிக்மா. மேக்கைத் தாண்டாத ஸ்கெட்ச்சை அது முந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். நான் ஃபிக்மா பக்தன்தான், மறைக்கவில்லை. அடோபி அதை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-இல் அறிவித்தபோது வயிற்றில் புளி கரைந்தது. ஐரோப்பிய, பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்தப் பேரம் கைவிடப்பட்ட அன்று இனிப்பு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் மிரர் காட்டுவது படம் மட்டுமே. ப்ரோட்டோடைப்பாக ஓட்டினால் திரைகள் மாறும், பட்டன் அழுந்தும், மெனு வழுக்கிக்கொண்டு வரும். பெயர் எழுதும் கட்டத்தைத் தொட்டால் மட்டும் ஃபோனின் கீபோர்டு வராது. அதனால் எல்லோரும் கீபோர்டின் படத்தை ஒட்டுகிறார்கள். அதுவும் ஏதாவதொரு யுஐ கிட்டிலிருந்து எடுத்த, சுத்தமான ஆங்கில ஐஃபோன் கீபோர்டு. அதன் மேல் விரலை வைத்ததும் ‘முருகன் ஸ்டோர்ஸ்’ என்று முழுப் பெயரும் தானாக வந்து விழும். க்ளையன்ட் கைதட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உண்மையில் ஒரு கடைக்காரர் எப்படி எழுதுகிறார்? ஒருவர் தமிழ்99-இல் தட்டுவார். இன்னொருவர் ஆங்கில எழுத்தில் அடித்து, மேலே வரும் பரிந்துரை வரிசையிலிருந்து தமிழ்ச் சொல்லைப் பொறுக்குவார். மூன்றாமவர் மைக்கை அழுத்திப் பேசிவிடுவார். கீபோர்டும் பரிந்துரை வரிசையும் சேர்ந்து திரையில் பாதியை விழுங்கிவிடும். அடியில் அழகாக உட்கார்ந்திருந்த ‘ஆர்டர் போடு’ பட்டன் அப்போது எங்கே போகிறது? ஒட்டிய படம் இதற்குப் பதில் சொல்லாது. ஏனென்றால் அந்தப் படத்துக்கு இடம் விட்டு டிசைன் செய்ததே நாம்தான்.

ப்ரோட்டோபையிடம் நான் விழுந்த இடம் இதுதான். அதில் இன்புட் என்று ஒரு லேயர் இருக்கிறது. அதைத் திரையில் வைத்து, பிளேயர் ஆப்பில் தொட்டால் அந்த ஃபோனின் சொந்தக் கீபோர்டே எழும்புகிறது. கடைக்காரர் தன் ஃபோனிலேயே பிளேயரை நிறுவிக்கொண்டால், அவர் தினமும் வாட்ஸப்பில் தட்டும் அதே கீபோர்டு, அதே பரிந்துரைகள். கட்டத்தில் எழுதத் தொடங்கியதும் பட்டனை மேலே நகர்த்து என்று ஒரு ட்ரிக்கரும் போட்டுவிடலாம். கோட் எழுத வேண்டாம். ஒருவர் ‘துவரம்பருப்பு ஐந்து கிலோ’ என்று ஒரே மூச்சில் அடித்துவிட்டு, அளவுக்குத் தனிக் கட்டம் எதற்கு என்று கேட்டார். படக் கீபோர்டில் அந்தக் கேள்வி வந்திருக்கவே முடியாது. ஆப்பின் முதல் திரையே அதற்குப் பிறகு மாறிவிட்டது.

குறை இல்லாமலா? ஃபிக்மாவிலிருந்து திரைகளை இழுத்துவருவது சுலபம்; அங்கே ஒன்றை மாற்றினால் மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டும் என்பது எரிச்சல். ட்ரிக்கர், ரெஸ்பான்ஸ், வேரியபிள் எல்லாம் கைக்குப் பழக நாள் பிடிக்கும். பத்துத் திரையைத் தாண்டினால், எந்தத் தொடுதல் எதை நகர்த்துகிறது என்று தேடுவதே தனி வேலை. குழுவாக உட்கார்ந்து ஒரே ஃபைலில் வேலை செய்யும் சுகத்தில் ஃபிக்மாவுக்குப் பக்கத்தில்கூட இது வராது. இரண்டுக்கும் சந்தா கட்டுவது தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது என்பதும் நிஜம்.

இன்விஷன் 2024 முடிவோடு மூடப்பட்டது. அடோபி எக்ஸ்டி தனியாக விற்பனையில் இல்லை. எந்த டூலையும் நம்பித் தாலி கட்ட முடியாத தொழில் இது. எனவே என் சிபாரிசு சிக்கனமானது: வரைவதும் பகிர்வதும் ஃபிக்மாவிலேயே இருக்கட்டும். எழுத்து அளவும் வரி இடைவெளியும் பார்க்க அதன் மிரர் போதும். பயனர் ஏதாவது தட்டச்சு செய்ய வேண்டிய திரைகளை மட்டும், பெரும்பாலும் மூன்று நாலுதான் இருக்கும், ப்ரோட்டோபைக்குக் கொண்டுபோங்கள். உங்கள் ஆப்பில் எழுதும் கட்டமே இல்லையென்றால் அந்தச் செலவு வேண்டாம். தமிழில் ஒரு படிவம் இருந்தால்கூட, டெவலப்பரிடம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.