பிடுங்கினால் மட்டும் போதுமா?

மாணவர்களைக் கொண்டு பார்த்தீனியக் களையை ஒழிக்க முனைவது நல்ல நோக்கமே. இதற்கென ஆகஸ்டு மாதத்தில் விழிப்புணர்வு வாரமும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆனால் பல பள்ளிகளில் அது நடைபெறும் முறையில் அறிவியல் குறைவு. ஊர்வலம், முழக்கம், கட்டுரைப் போட்டி. இறுதியில் வெறுங்கையால் செடி பிடுங்குதல். அத்தோடு சரி.

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி, 1955-ல் புனேயில் கண்டறியப்பட்டுப் பின் நாடெங்கும் பரவியது. கீழ்பென்னாத்தூர்ச் சாலையோரங்களும் இதற்கு விலக்கல்ல. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். விதை முற்றிய செடியைப் பிடுங்கி இழுத்துச் செல்வது களையெடுப்பு அன்று, விதைப்பு! முளைத்த 4 முதல் 6 வாரங்களில் பூத்துவிடுமாதலால், அதற்குமுன் பிடுங்க வேண்டும். கையுறையும் வேண்டும், இச்செடி பட்டால் தோல் அரிக்கும், மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும்.

இச்செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டு 1983-ல் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, சோதனைகளுக்குப் பின் 1984-ல் வெளியில் விடப்பட்டது. வெளிர்நிற முதுகில் பழுப்புக் கோடுகள் உடைய அதை அறியாத மாணவன், பூச்சி என்றதும் நசுக்கிவிடுவான். அயல்நாட்டு உயிரெல்லாம் பகை என்று பொதுப்படக் கற்பிப்பதன் விளைவு இது.

பிடுங்கிய செடிகளின் எண்ணிக்கை வெற்றிக்கு அளவுகோல் ஆகாது. ஒரு சதுர மீட்டர் நிலத்தைக் கயிற்றால் குறித்து, அதில் முளைப்பவற்றை மாதந்தோறும் மாணவர் எண்ணி எழுதட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் எண்ணட்டும். அந்த எண் குறைந்தால்தான் களை குறைந்ததாகப் பொருள்.