பனிப்பாளத்தைவிட அலமாரியே பெரிது

மௌனப்பட நடிகை லில்லியன் கிஷ் என்றதும் எல்லோரும் பனிக்கட்டியைத்தான் பேசுவார்கள். 1920-இல் வந்த ‘வே டவுன் ஈஸ்ட்’ படத்தில் மயங்கிய பெண்ணாகப் பனிப்பாளத்தின் மேல் கிடந்து ஆற்றோடு போவாரே, அந்தக் காட்சி. வெர்மான்ட் மாநிலத்தின் உறைய வைக்கும் குளிரில், டூப் இல்லாமல் எடுத்தார்கள். ஒரு கையும் கூந்தலும் தண்ணீரில் தோய்ந்து கிடக்கட்டும் என்று இயக்குநர் கிரிஃபித்திடம் சொன்னதே கிஷ்தான். அந்த விரல்களில் ஏற்பட்ட பாதிப்பு கடைசிவரை தீரவில்லை.

துணிச்சலை மெச்சலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அவருடைய திறமையைப் பார்க்கத் தவறிவிடுவோம். உடல் அசையாமல் கிடக்க, கை மட்டும் நீரின் போக்கில் இழுபடுகிறது. ஆற்றின் வேகம், குளிர், அவளுடைய நிராதரவு எல்லாவற்றையும் அந்தக் கையே சொல்லிவிடுகிறது. கேமரா எதைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு வைத்த கை அது.

இருந்தாலும், என் கணிப்பில் அவருடைய உச்சம் அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘புரோக்கன் பிளாசம்ஸ்’. லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் குத்துச்சண்டைக்காரத் தகப்பனிடம் அடிபட்டே வளரும் லூசி அவர். அடிக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிகிறாள். வெளியே தகப்பன் கோடரியால் கதவைப் பிளக்கிறான். நிற்கவே இடமில்லாத அந்த இருட்டில், பொறியில் விழுந்த எலி போலச் சுற்றிச் சுற்றி வருகிறார் கிஷ். படத்தில் ஒலியே இல்லை. அலறல் மட்டும் நமக்குக் கேட்கிறது!

அதே படத்தில் தகப்பன் சிரிக்கச் சொல்லும்போது, லூசி இரண்டு விரல்களால் உதட்டோரங்களை மேலே தள்ளிவிடுகிறாள். சிரிக்கத் தெரியாத பெண்ணுக்காகக் கிஷ் தாமே கண்டுபிடித்த அசைவு அது. சாகும் தறுவாயிலும் அதையே செய்கிறாள். அலமாரியில் உடல் முழுவதையும் வாரி இறைத்தவர், இங்கே இரண்டு விரல்களோடு நிறுத்திக்கொள்கிறார். இந்த அளவறிதல்தான் அவரைத் தனித்து நிறுத்துகிறது.

1893-இல் ஒஹையோவில் பிறந்து, சிறுமியாகவே நாடக மேடை ஏறி, 1912-இல் தங்கை டாரத்தியுடன் சினிமாவுக்கு வந்தவர். கறுப்பின மக்களை இழிவுபடுத்திய ‘தி பெர்த் ஆஃப் எ நேஷன்’ படத்திலும் (1915) நடித்திருக்கிறார். அந்தக் கறை அவருடைய பட்டியலிலும் இருக்கிறது.

1928-இல் ‘தி விண்ட்’. மொஹாவி பாலைவனத்தில் விமான எஞ்சின்களின் விசிறியால் மணலை வாரி அவர் முகத்தில் அடித்தார்கள். பேசும் படங்கள் புறப்பட்ட நேரத்தில் வந்த மௌனப்படம், தோற்றுப்போனது. மேடைக்குத் திரும்பினார். 1955-இல் ‘தி நைட் ஆஃப் தி ஹன்டர்’ படத்தில் மடியில் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் காவல் இருக்கும் கிழவியாக வந்தார். பேசும் வாய்ப்பு இருந்தும், அந்த உட்காரும் விதத்திலேயே வீட்டின் பாதுகாப்பு முழுவதையும் காட்டிவிட்டார். நடிப்புக்கான போட்டி ஆஸ்கர் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1971-இல் கௌரவ விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1987-இல் திரைக்கு வந்த ‘தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’ படத்தில், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பெட் டேவிஸுக்கு ஈடுகொடுத்து நடித்திருக்கிறார்.