கேம்பரை இழுக்க மஞ்சள் மூடி உதவுமா?

அமெரிக்காவின் பழைய வண்டிச் சந்தையில் 2014 முதல் 2018 வரையிலான செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் தாராளமாகக் கிடைக்கிறது. 5.3 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட சில வண்டிகளில் டாங்க் மூடி மஞ்சளாக இருக்கும். பெட்ரோல், 'இ85' எனப்படும் எத்தனால் கலவை, அல்லது இரண்டும் எந்த விகிதத்தில் கலந்தது, எதை ஊற்றினாலும் ஓடும் என்பதற்கான அடையாளம் அது. கேம்பர் டிரெய்லரை இழுக்க வண்டி தேடுகிறவர், இந்த மூடிக்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா?

இப்படிப்பட்ட ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் வண்டிகள் அங்கே சுமார் 2 கோடி இருக்கின்றன. மக்கள் கேட்டு வாங்கியதால் வந்த எண்ணிக்கையல்ல இது. மாற்று எரிபொருள் வண்டி தயாரித்தால் மைலேஜ் விதிகளில் சலுகை என்று 1988இல் ஒரு சட்டம் வந்தது. நிறுவனங்கள் சலுகைக்காகத் தயாரித்துத் தள்ளின. 2019 மாடலோடு அந்தச் சலுகை முடிய, புதிய ஃப்ளெக்ஸ் மாடல்களும் அருகிவிட்டன. தன் வண்டி இ85இல் ஓடும் என்பதே தெரியாத உரிமையாளர்கள் ஏராளம்.

இ85 ஊற்றினால் வண்டி உண்மையிலேயே பலமாக இழுக்கும். சில்வராடோவின் இந்த எஞ்சின் பெட்ரோலில் தருவது 519 நியூட்டன் மீட்டர் டார்க். இ85இல் அது 564 ஆகிறது. குதிரைத்திறனும் 355இலிருந்து 375க்கு மேல் போகிறது. பின்னால் பெருஞ்சுமையோடு மேடேறும்போது எஞ்சின் சூடேறி, எரிபொருள் நேரங்கெட்டுத் தானாகவே வெடிக்கும் 'நாக்கிங்' தொடங்கும். அதைத் தவிர்க்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பலம் குறையும். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தடுக்கும் ஆக்டேன் அதிகம். ஆவியாகும்போது உள்ளிழுக்கும் காற்றையும் குளிர்விக்கும். அதனால் டைமிங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. டிரெய்லர் இல்லாமல் கடைக்குப் போய்வரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது.

ஆனால் எவ்வளவு உயரத்தில் ஏறுகிறோம் என்பதும் முக்கியம். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலத்தை இழக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எத்தனால் கூட்டித் தந்த 9 சதவீதம் எந்த மூலைக்கு? ஃபோர்டு எஃப்-150இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின் அந்த உயரத்திலும் பெரிதாகத் தளராது. அதற்கு இ85 ஊற்ற முடியாது என்பதுதான் வேடிக்கை.

அடுத்தது செலவு. இ20 பெட்ரோலால் மைலேஜ் போச்சு என்று இங்கே புலம்புகிறவர்கள் இ85 கணக்கைப் பார்த்தால் ஆறுதல் அடையலாம். மைலேஜ் 15 முதல் 27 சதவீதம் வரை விழும். பெரிய கேம்பரை இழுக்கும் பிக்கப் பெட்ரோலில் கேலனுக்கு 10 மைல் கொடுத்தாலே நல்லது. இ85இல் அது ஏழரை என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கேலன் 3.20 டாலர், இ85 2.60 டாலர் என்றால், 600 மைல் பயணத்துக்குப் பெட்ரோல் செலவு 192 டாலர், இ85 செலவு 208. கேலனுக்கு 60 சென்ட் மலிவாக வாங்கியும் கை நட்டம். விலை 2.40க்குக் கீழே இறங்கினால்தான் லாபம்.

பணத்தைவிடத் தொல்லை தருவது தூரம். 26 கேலன் டாங்க், பெட்ரோலில் 260 மைல் போகும், இ85இல் 195தான். கால் டாங்க் மிச்சம் வைத்து ஓட்டுகிறவர் 150 மைலுக்குள் பங்க் தேட வேண்டும், அதுவும் நீண்ட டிரெய்லரோடு நுழைந்து திரும்ப இடமுள்ள பங்க். இ85 விற்பவை நாட்டில் நாலாயிரத்துச் சொச்சம். மக்காச்சோளம் விளையும் மினசோட்டா, அயோவா, இலினாய் பக்கம் நெருக்கமாகவும், மலை மாநிலங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருக்கின்றன. கிடைக்காவிட்டால் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம், நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு விஷயம்: பெயர்தான் இ85. ஊரையும் பருவத்தையும் பொறுத்து உள்ளே இருக்கும் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை மாறும்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் இருக்கும். 25 அடி ஏர்ஸ்ட்ரீம் ஃப்ளையிங் கிளவுட் டிரெய்லரின் உச்ச எடை 7,300 பவுண்டு. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகப் பிக்கப்பின் மீதே இறங்கும். ஸ்டிக்கரில் 1,600 பவுண்டு, கொக்கிச் சுமை 900 என்றால், குடும்பத்துக்கும் நாய்க்கும் ஐஸ் பெட்டிக்கும் மிச்சம் 700. எந்த எரிபொருளை ஊற்றினாலும் இந்த எண் மாறாது.

ஆக, ஸ்டிக்கர், கியர், பிரேக் எல்லாம் சரியாக அமைந்த சில்வராடோவில் மஞ்சள் மூடியும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்; அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அயோவா ஏரிக்கரைகளுக்குப் போகிறவர் அதை அடிக்கடி பயன்படுத்துவார். ராக்கி மலைக்கே போகிறவருக்கு டர்போவோ டீசலோதான் தோது.

வாங்கியவர் பெட்ரோல் பங்கில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கேம்பரோடு எடுத்துப்போகும் ஹோண்டா இயு2200ஐ மாதிரியான ஜெனரேட்டர்கள் 10 சதவீத எத்தனாலுக்கு மேல் தாங்காது. பிக்கப்புக்கு இ85 அடித்த கையோடு அதே குழாயில் ஜெனரேட்டர் கேனையும் நிரப்பிவிடக் கூடாது.